இளைஞர்களின் போராட்ட வேகம் எங்கே போனது?

பழைய மாணவன்

கொஞ்ச காலமாக மனதை உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே வைக்கிறேன். இன்றைய இளைஞர்களிடம் அரசியல் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு தெருவில் இறங்கி நிற்கிற வேகம்தான் இல்லை.

1960 பிப்ரவரி 1. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் ஒரு வூல்வொர்த் கடை. அதன் சிற்றுண்டி மேசையில் வெள்ளையர் மட்டும்தான் உட்காரலாம். கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், நால்வரும் கல்லூரி முதலாண்டு, போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் சிலர் சேர்ந்தார்கள், அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், ஜூலையில் கடை இறங்கி வந்தது. 1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் வெள்ளையர் அரசின் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துப் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. அப்புறமும் அடங்கவில்லை. 1965 இந்தித் திணிப்பு எதிர்ப்பை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டே வருடத்தில் ஆட்சி மாறியது, விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் சீனிவாசன்.

இப்போது அநியாயம் குறைந்துவிட்டதா? இல்லை. ஆனால் ஒரு செய்தியைப் பார்த்துக் கொதிக்கிற பையன் அதைப் பகிர்கிறான், நான்கு வரி எழுதுகிறான், இருநூறு பேர் ஆமோதிக்கிறார்கள், கொதிப்பு அடங்கிவிடுகிறது. உடம்பைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு முன்பே மனம் நிறைந்துவிடுகிறது. இதைத்தான் இழப்பு என்கிறேன்.

மேகலை

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. கோபமாகவே இருக்கிறது.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1971 விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீடு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரும் தீர்ப்பு 2024 ஜூனில் வந்தது. ஜூலை முதல் நாளிலிருந்து மாணவர்கள் இறங்கினார்கள். சுட்டார்கள். இணையத்தை நாடு முழுக்க வெட்டினார்கள். அப்போதும் கலையவில்லை. உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை 5 சதவீதமாகக் குறைத்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை, கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் கேட்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே போனார். அந்த ஒன்றரை மாதத்தில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் கணக்குச் சொன்னது. அதில் சிறுவர்களும் உண்டு.

இணையம் வெட்டப்பட்ட நாட்டில், பகிரவும் ஆமோதிக்கவும் வழியில்லாத நாட்களில், குண்டுக்கு முன்னால் போய் நின்றவர்கள் இவர்கள். உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவது என்றீர்களே, இதற்கு மேல் எப்படி நிறுத்துவது?

அப்புறம் கென்யா: 2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போனார்கள், அடுத்த நாள் ஜனாதிபதி ரூட்டோ கையெழுத்துப் போட மாட்டேன் என்று அறிவித்தார். நேபாளம்: 2025 செப்டம்பரில் 26 சமூக ஊடகங்களுக்குத் தடை, 8ஆம் தேதி 19 பேர் சாவு, 9ஆம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா. செர்பியா, இலங்கை, ஈரான், மொராக்கோ. எல்லாம் 2022இலிருந்து. தேய்ந்துவிட்டது என்று சொல்லும் முன் இவர்களுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

பழைய மாணவன்

அவர்கள் முன்னால் தலை வணங்குகிறேன் அம்மா. அதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் நீங்கள் சொன்ன நாடுகளில் தண்ணீர் மூக்குக்கு மேல் போய்விட்டது. வேலை இல்லை, பேச வழியில்லை, வேறு வாசலே இல்லாத நிலை. அங்கே வெடிப்பது இயற்கை. நான் கேட்பது, தன் மூச்சு முட்டாதபோதும் இன்னொருவனுக்காக எழுகிற மனசைப் பற்றி.

1985 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்காகத் தங்கள் கல்லூரிக் கட்டடத்தின் வாசலை மூன்று வாரம் மறித்தார்கள். அந்த மக்களை அவர்கள் நேரில் பார்த்ததுகூட இல்லை. சில மாதத்தில் பல்கலைக்கழகம் அங்கே வணிகம் செய்யும் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை எடுக்க முடிவு செய்தது. மறு வருடம் ஜனாதிபதி ரீகனின் மறுப்பாணையைத் தாண்டி அமெரிக்கக் காங்கிரஸ் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வகை வேகத்தைக் காட்டுங்கள்.

மேகலை

காட்டுகிறேன். அதே கொலம்பியா, 2024 ஏப்ரல். காசாவுக்காகப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். ஏப்ரல் 18 அன்று நூறு பேருக்கு மேல் கைது. அதைப் பார்த்து மற்ற கல்லூரிகளிலும் கூடாரங்கள் எழுந்தன. அந்த வசந்த காலத்தில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் கைதானவர்கள் 3,000க்கும் மேல். பட்டம் நிறுத்தப்பட்டவர்கள், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் காசாவைப் பார்த்திருப்பார்கள்?

1985இல் மறித்த மாணவர்களை இன்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கை மிரட்டல்தான் வந்தது. நாற்பது வருடம் கழித்து எதிர்ப்பைப் பாராட்டுவது சுலபம் ஐயா, நடக்கிற நேரத்தில் அடையாளம் காண்பதுதான் கஷ்டம்.

வரலாற்று ஆசிரியை

மேகலை சொன்ன கடைசி வரியை ஒரு தகவலோடு பிடித்துக்கொள்கிறேன். 1961இல் அமெரிக்கப் பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் போனார்கள், 'சுதந்திரப் பயணிகள்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றி அந்த வருடமே காலப் என்கிற நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. ஆதரித்தவர்கள் 22 சதவீதம். எதிர்த்தவர்கள் 61 சதவீதம். இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கும் போராட்டம் அது.

அறுபதுகளில் எல்லா மாணவர்களும் தெருவில் இருந்தார்கள் என்பது பின்னால் உருவான படம். பெரும்பாலானவர்கள் வகுப்புக்குப் போனார்கள், பரீட்சை எழுதினார்கள், வேலைக்குப் போனார்கள். ஒரு சிறு பகுதி நின்றது. அந்தச் சிறு பகுதி மட்டும் நம் நினைவில் மிச்சம் இருப்பதால், முழுத் தலைமுறையும் அப்படி இருந்ததாகத் தோன்றுகிறது. இன்றைய தலைமுறையை மட்டும் தலை எண்ணி அளக்கிறோம்.

நடுக்கோடு

எனக்கு வேறு கருத்து. குறைந்திருந்தால் நல்லதுதான். தெருவில் கூடுவதால் என்ன நடந்தது என்று நேர்மையாகப் பாருங்கள்.

2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்கச் சுமார் 600 நகரங்களில் ஈராக் போருக்கு எதிராக மக்கள் கூடினார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. பிரான்ஸில் 1968 மே மாதம் மாணவர்களும் தொழிலாளர்களும் நாட்டையே நிறுத்தினார்கள், ஜூன் தேர்தலில் ஜனாதிபதி டி கோலின் கட்சி முன்னைவிடப் பெரிதாக வென்றது. எகிப்தில் 2011இல் 18 நாளில் ஜனாதிபதி முபாரக் போனார், 2013இல் ராணுவம் வந்து உட்கார்ந்தது. மடகாஸ்கரில் 2025 அக்டோபரில் இளைஞர் போராட்டத்துக்குப் பிறகு அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் ஒரு ராணுவ அதிகாரி. செத்தவர்கள் இளைஞர்கள், நாற்காலி வேறு யாருக்கோ.

வாக்குச்சீட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தகவல் கேட்கும் உரிமை இருக்கிறது. அமைதியாக அவற்றைப் பயன்படுத்தும் தலைமுறையை வேகம் இல்லாதவர்கள் என்று குறை சொல்வது நியாயமில்லை.

வரலாற்று ஆசிரியை

நடுக்கோடு, அந்த வாக்குச்சீட்டு எப்படி வந்தது? 1965 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் அலபாமாவில், செல்மா பாலத்தில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. முன் வரிசையில் நின்று மண்டை உடைந்தவர் ஜான் லூயிஸ், வயது 25. அதே வருடம் ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அமெரிக்காவில் 18 வயதில் ஓட்டுப் போடும் உரிமை வந்தது 1971இல். போருக்கு அனுப்ப வயது போதும், ஓட்டுப் போட வயது போதாதா என்று வியட்நாம் காலத்து இளைஞர்கள் கேட்ட கேள்வி இல்லாமல் அந்தத் திருத்தம் அவ்வளவு வேகமாக வந்திருக்காது. நீதிமன்றமும் வாக்குச்சாவடியும் தெருவுக்கு மாற்று என்று வைக்கிறீர்கள். பல இடங்களில் தெருதான் அவற்றின் கதவைத் திறந்தது.

நடுக்கோடு

திறந்தது, ஒப்புக்கொள்கிறேன். கதவு திறந்தபின் உள்ளே போய் வேலை செய்ய வேண்டாமா? நான் சொன்ன எகிப்துக்கும் மடகாஸ்கருக்கும் இன்னும் பதில் வரவில்லை.

இரவுப்பணி

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். விலை.

எனக்கு 26 வயது. இரவு ஷிப்ட், ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்று எனக்கே தெரியாது. கல்விக் கடன் இன்னும் பாக்கி. ஒரு போராட்டத்தில் என் முகம் படமாகிவிட்டால், பெயர் எங்காவது பதிவாகிவிட்டால், அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கிரீன்ஸ்பரோ மாணவர்களின் துணிச்சலுக்குக் கிட்டேகூட நான் வர முடியாது. ஆனால் அவர்கள் காலத்தில் ஒரு ஊர்ப் போலீஸ் ஏட்டில் ஏறிய பெயர் ஊர் தாண்டினால் பின்னால் வராது.

ஹாங்காங்கில் 2019இல் இளைஞர்கள் ஏன் முகமூடி போட்டார்கள், ஏன் லேசர் விளக்கைக் கேமராவை நோக்கி அடித்தார்கள்? முகம்தான் குற்றச்சாட்டு ஆகும் என்று தெரியும். அப்படியும் 10,000 பேருக்கு மேல் கைதானார்கள். பிரிட்டனில் 2024 ஜூலையில், நெடுஞ்சாலையை மறிக்கத் திட்டமிட்டு ஜூம் அழைப்பில் பேசியதற்காகச் சூழலியல் போராட்டக்காரர்கள் ஐந்து பேருக்கு நான்கு முதல் ஐந்து வருடச் சிறை. மேல்முறையீட்டில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். வன்முறை எதுவும் இல்லாத குற்றத்துக்கு இந்தத் தண்டனை. அதைப் படித்த பிறகு ஒரு குழு அழைப்பில் வாயைத் திறக்கவே யோசிக்கிறேன்.

பழைய மாணவன்

தம்பி, விலை அன்றும் இருந்தது. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பிக்குக் கறுப்பின வாக்காளர் பதிவுப் பணிக்காகப் போனவர்களில் மூன்று இளைஞர்களைக் கொன்று மண்ணணைக்கு அடியில் புதைத்தார்கள். 1970 மே 4, அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தார்கள். சொவெட்டோவில் செத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். வேலை கிடைக்காமல் போகும் என்பதையும் உயிர் போகும் என்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இரவுப்பணி

வைக்கவில்லை ஐயா. நான் சொல்வது வேறு கணக்கு. வியட்நாம் காலத்து அமெரிக்க மாணவனுக்கு சும்மா இருப்பதிலேயே ஆபத்து இருந்தது. 1969 டிசம்பர் 1 அன்று பிறந்த தேதிகளைக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள். உன் தேதி முதலில் வந்தால், படிப்புக்காகத் தந்த விலக்கு முடிந்ததும் உன்னைப் படைக்குக் கூப்பிடுவார்கள். வீட்டில் இருப்பவனையும் வரலாறு வந்து கூப்பிட்டது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1976 வரை கல்விக் கட்டணமே கிடையாது. ஒரு பருவம் போனால் போகட்டும் என்று வெளியே வந்து போராடலாம், திரும்பவும் படிக்கலாம்.

இன்றைக்கு எனக்கு நேர் எதிர். சும்மா இருந்தால் மெதுவாகத்தான் தேய்வேன். எழுந்தால் உடனே விழுவேன். அமெரிக்காவில் கல்விக் கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கடன்காரனாக்கி வைத்த தலைமுறையைப் பார்த்து ஏன் உனக்குத் துணிச்சல் இல்லை என்று கேட்கிறார்கள். அந்தக் கடனை ஏற்பாடு செய்தது எந்தத் தலைமுறை?

பழைய மாணவன்

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் டாக்காவில் நின்ற பையனுக்கும் கடன் இருந்திருக்கும்.

தென்றல்

நானும் ஒன்று சொல்லலாமா? 2019 செப்டம்பரில் காலநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம் நடந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. முந்தைய வருடம் ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே கிரெட்டா துன்பர்க் தனியாக உட்கார்ந்தார். ஒரே வருடத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். நாங்கள் கை நடுங்க நடுங்கப் பதாகை எழுதினோம். உலகமே திரும்பிப் பார்த்தது என்று நம்பினோம்.

சில மாதத்தில் கொரோனா வந்தது, எல்லோரும் வீட்டுக்குள். திரும்பி வந்தபோது கூட்டம் சேரவில்லை. புவி வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, தலைவர்கள் அதே மாநாட்டில் அதே பேச்சைப் பேசுகிறார்கள். என்னோடு பதாகை பிடித்த தோழிகளில் யாரும் சோம்பேறிகள் ஆகவில்லை. அவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அழுகை வரும். அவர்கள் தோற்றுப்போனதாக நினைக்கிறார்கள். கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். பதினேழு வயதில் முழு மனதோடு எதையாவது நம்பி, அது நடக்காமல் போனால், அடுத்த முறை அந்த அளவு மனதைக் கொடுக்க முடியவில்லை.

வேகம் குறைந்தது என்று பேசுகிறவர்கள் இந்தத் தோல்வியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கச் செயலாளர்

தென்றல், நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் இதில் பேச வேண்டும் என்று தோன்றியது. தொழிற்சங்க வேலையில் இருக்கிறேன். தோல்விக்குப் பிறகு ஆட்களை நிறுத்தி வைப்பதுதான் எங்கள் அன்றாட வேலை.

எரிகா செனோவெத் என்கிற ஆய்வாளர், 1900 முதல் 2006 வரை நடந்த எதிர்ப்பு இயக்கங்களை மரியா ஸ்டீஃபனோடு சேர்ந்து ஆராய்ந்தார். ஆயுதம் எடுக்காத இயக்கங்களில் பாதிக்கு மேல் வென்றன. ஆயுதம் எடுத்தவை வென்றது நாலில் ஒன்று. பிற்பாடு அவரே இன்னொன்றும் சொன்னார்: 2010க்குப் பிறகு வன்முறையற்ற இயக்கங்களின் வெற்றி மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. போராட்டங்கள் குறைந்ததாலா என்றால் இல்லை, எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஊர்வலத்தை மட்டுமே நம்புகிறார்கள், வேலைநிறுத்தம், புறக்கணிப்பு போன்ற ஒத்துழையாமை குறைந்திருக்கிறது, இணையத்தில் சீக்கிரம் கூடுகிறார்கள், அரசுகளும் அடக்குவதைக் கற்றுக்கொண்டன. இவை அவர் சொல்லும் காரணங்களில் சில.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்கிற கல்லூரி ஆசிரியை விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்செடுத்தார். அதை ஊர் முழுக்கக் கொண்டுபோக ஏற்கெனவே ஒரு பெண்கள் அமைப்பு இருந்தது. தேவாலயங்கள் இருந்தன. பேருந்தில் ஏறாதவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விடக் கார்கள், ஏறும் இடங்கள், நேர அட்டவணை, பெட்ரோலுக்கு நன்கொடை. இப்படி 381 நாள். அத்தனை நாளும் யாரும் கொந்தளித்துக்கொண்டே இருக்கவில்லை. கால் வலித்தது, அலுப்பு வந்தது. அலுப்பு வந்த நாளிலும் கார் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.

ஆகவே இளைஞர்களிடம் வேகம் இல்லை என்ற பேச்சையே நான் ஏற்கவில்லை. வேகம் தணிந்த பிறகு அவர்களைப் பிடித்து வைக்க இருந்த மாணவர் சங்கம், தொழிற்சங்கம், கட்சியின் இளைஞர் அணி, வாசிப்பு வட்டம் எல்லாம் கரைந்துவிட்டன. தென்றலின் தோழிகளுக்குத் தோல்விக்கு மறுநாள் போய் உட்கார ஓர் அறை இருந்திருந்தால் அவர்கள் இன்னும் அந்த வேலையில் இருந்திருப்பார்கள்.

மேகலை

இதிலும் எனக்குச் சண்டை இருக்கிறது. அமைப்பு என்றால் தலைவர் வருகிறார். தலைவர் இருந்தால் எங்கே போய்ப் பிடிப்பது என்று அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹாங்காங்கில் ஜனநாயகம் கேட்டு நடந்த 2014 குடைப் போராட்டத்தின் முகமாக இருந்த மாணவர்கள் 2017இல் சிறைக்குப் போனார்கள். 2019இல் அதனால்தான் தலைவரே இல்லாமல் இறங்கினார்கள். அது அறியாமையில் செய்த வேலை இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. கட்சிகளின் மாணவர் அணிகள் பல நாடுகளில் எப்படி நடந்துகொண்டன என்றும் பாருங்கள். டாக்காவில் போராடிய மாணவர்களை அடித்ததே ஆளும் கட்சியின் மாணவர் அணிதான். அந்த அறைக்குள் போய் உட்காரச் சொல்கிறீர்களா?

சங்கச் செயலாளர்

அந்த அறைக்குள் போகச் சொல்லவில்லை தோழர். நீங்கள் முதல் பதிவில் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன செர்பியாவைப் பார்ப்போம். 2024 நவம்பர் 1 அன்று நோவி சாட் ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்தது, கடைசியில் சாவு 16 ஆனது. மாணவர்கள் கல்லூரிகளை மறித்தார்கள். தலைவர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியிலும் எல்லோரும் கூடிப் பேசி, கை தூக்கி முடிவெடுக்கும் பேரவை இருந்தது. ஊடகத்தில் பேச ஆளை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஜனவரி கடைசியில் பிரதமர் பதவி விலகல் அறிவித்தார், அப்போதும் மறியல் தொடர்ந்தது. பெல்கிரேடிலிருந்து நோவி சாட் வரை நடந்தே போனார்கள், போகிற வழியில் கிராமத்துக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். திரும்பி வர வண்டி இல்லை என்று தெரிந்ததும் பெல்கிரேட் டாக்சி ஓட்டுநர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பிப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆதரவாக நின்ற ஆசிரியர்களின் சம்பளத்தை வெட்டியபோது பொதுமக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

தலைவர் இல்லாமலும் அமைப்பு இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? நடுக்கோடு கேட்ட எகிப்துக்கும் என் பதில் இதில்தான் இருக்கிறது. முபாரக் போன அன்று நாட்டில் கட்டுக்கோப்பாக இருந்தவை இரண்டே: ராணுவமும் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பும். சதுக்கத்தில் நின்றவர்களுக்குத் தங்களுக்கென்று எதுவும் இல்லை. இலங்கையில் 2022 ஜூலையில் கோட்டாபய ஓடினார், ரணில் வந்தார், ஒரு வாரத்தில் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களின் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அத்தோடு முடிந்தது என்றார்கள். 2020இல் 3 இடம் மட்டும் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 225இல் 159 இடம் பிடித்தது. அந்தக் கட்சியின் நல்லது கெட்டது வேறு விவாதம். தெருவின் கோபத்தை வாங்கி வைக்கப் பல வருடமாக ஊர் ஊராக ஆள் வைத்திருந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது.

நடுக்கோடு

இந்தப் பதிலில் பொருள் இருக்கிறது. சிலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011இல் இலவசக் கல்வி கேட்டுத் தெருவில் நின்ற மாணவர் தலைவர் போரிச், 2022இல் 36 வயதில் ஜனாதிபதி. 2016லிருந்து ஏழை மாணவர்களுக்குக் கட்டணமில்லாக் கல்வியும் வந்தது. ஆனால் அதே 2022 செப்டம்பரில், 2019 கிளர்ச்சியிலிருந்து பிறந்த புதிய அரசியல் சாசன வரைவை 62 சதவீத மக்கள் நிராகரித்தார்கள். உள்ளே போனாலும் எளிதில்லை. தெருவில் கேட்ட குரலே மக்கள் குரல் என்று நினைத்ததன் விளைவு அது. இந்த எச்சரிக்கையை நான் விடமாட்டேன்.

தென்றல்

62 சதவீதம் நிராகரித்தது எனக்கும் வலித்தது. ஆனால் கட்டணமில்லாக் கல்வி நின்றது இல்லையா? ஐந்து வருடம் பிடித்திருக்கிறது. எங்களுக்கு யாரும் ஐந்து வருடம் என்று சொல்லவில்லை. உடனே நடக்காவிட்டால் தோல்வி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பழைய மாணவன்

எல்லோரையும் படித்தேன். சங்கத்துக்காரர் சொல்வது கனமான வாதம். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. அறை இல்லை, அமைப்பு இல்லை, பணம் இல்லை என்று இன்றைய இளைஞர் காத்திருப்பது சரியா? சொவெட்டோப் பிள்ளைகள் யார் ஏற்பாடு செய்வார்கள் என்று காத்திருந்தார்களா? கிரீன்ஸ்பரோ பையன்கள் பிப்ரவரியில் உட்கார்ந்தார்கள், ஏப்ரலில் தங்களுக்கென்று ஒரு மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவே பிறந்துவிட்டது. இல்லையென்றால் உண்டாக்குவது. இளமை என்பது அதுதான் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையை விட எனக்கு மனமில்லை.

வரலாற்று ஆசிரியை

அந்த ஏப்ரல் கூட்டத்தை யார் கூட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் ஐயா. எல்லா பேக்கர் என்கிற பெண்மணி. அப்போது அவருக்கு 56 வயது. பல பத்தாண்டுகள் இயக்க வேலை பார்த்தவர். மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பில் இருந்துகொண்டு, அதன் பணத்தில் 800 டாலர் வாங்கி, தான் படித்த கல்லூரியில் இடம் பிடித்து மாணவர்களைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பெரியவர்களின் அமைப்புக்குக் கிளையாகச் சேராதீர்கள், உங்கள் முடிவை நீங்களே எடுங்கள் என்று அவர்களுக்கே எடுத்துச் சொன்னார். இடம் கொடுத்தார், தலைமையைக் கேட்கவில்லை.

சொவெட்டோவும் அப்படித்தான். சுடப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எல்லை தாண்டிப் போனார்கள். நாடு கடந்து வாழ்ந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அவர்களை வாங்கிக்கொண்டது. அவர்களுக்காகவே தான்சானியாவில் ஒரு பள்ளி கட்டினார்கள். தொடங்கியது பிள்ளைகள்தான், மறுக்கவில்லை. போய்ச் சேர ஓர் இடத்தை மூத்தவர்கள் உயிரோடு வைத்திருந்தார்கள்.

மேகலை

நான் கேட்க வேண்டும் என்று நினைத்ததும் இதுதான். நீங்கள் போராடிய காலத்தில் உங்களுக்கு முன்னிருந்தவர்கள் விட்டுப்போன சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, ஜாமீன் எடுக்க வக்கீல் இருந்தார். எங்களுக்கு நீங்கள் எதை விட்டுப்போகிறீர்கள் ஐயா? குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பழைய மாணவன்

என்னோடு படித்தவர்களில் வக்கீல்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், அவர் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டால் தருவார்கள் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் அங்கே வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கிற பொறுமை உங்கள் தலைமுறைக்கு இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

மேகலை

வருகிறேன். தலைப்பை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

இரவுப்பணி

மாடி கிடைத்தால் இரண்டு விஷயம். யாராவது கைதானால் அந்த மாத வாடகைக்கும் கடன் தவணைக்கும் ஒரு பொது நிதி வேண்டும், அதை முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். கூட்டத்தை மாலையில் வைக்காதீர்கள். என்னைப் போல இரவு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், ஞாயிறு பகல் என்றால்தான் வர முடியும்.